கலஃ

தொண்டைக்குள் விளக்கைச் செலுத்திப் பார்த்த மருத்துவர்
கடுகளவில் இரண்டு முடிச்சு என்றார்.
இருபத்தோரு நாள்.
ஒரு சொல் கூடாது.
கிசுகிசுப்பதும் கூடாது, அது இன்னும் மோசம்.
ஹெல்வெ வாயைத் திறந்தாள்.
மூடிக்கொண்டாள்.

தார்த்து நகரில் அவள் குரலைக் கேட்காதவர் இல்லை.
எல்வாவுக்குப் போகும் ரயில் இரண்டாம் நடைமேடையில்: அவள்.
மூன்றாம் தளம், கதவு திறக்கிறது: அவள்.
வங்கியில் காத்திருக்கச் சொல்வதும்
அருங்காட்சியகத்தில் காண்டாமிருகத்தின் எலும்புக்கூட்டை
அறிமுகப்படுத்துவதும்
அவள், அவள்.
நாளுக்கு நான்கு ஒலிப்பதிவு.
நடுவே காரில் ஒரு ரொட்டித்துண்டு,
சிவப்பு விளக்கில் மகளுக்கு ஒரு முத்தப் பொம்மை.

முதல் வாரம் சின்ன நோட்டில் எழுதிக் காட்டினாள்.
பென்சில் மெதுவாகப் போகும் வண்டி.
'உண்மையைச் சொன்னால்' என்று தொடங்கி
வாக்கியம் முடிவதற்குள்
அது உண்மையில்லை என்று தெரிந்துவிடுகிறது.
அடித்தாள். மறுபடி எழுதி, மறுபடி அடித்தாள்.
மிஞ்சியவை:
வெண்ணெய். ஆம். வேண்டாம். சாவி எங்கே.

ஆறாம் நாள் மாத்திரை பற்றிக் கேட்க
பழக்க தோஷத்தில் மருத்துவமனைக்குப் போன் போட்டாள்.
'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்' என்றாள் ஹெல்வெ
ஹெல்வெயிடம்.
பதினொரு நிமிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.
என்ன இனிமை.
ஒரு சுருக்கமில்லை.
இஸ்திரி போட்ட சட்டை ஆணியில் தொங்குகிறது,
உள்ளே ஆளில்லை.

பிறகு பல நாள் ஒன்றுமே நடக்கவில்லை.
உருளைக்கிழங்கின் தோல்
அறுபடாமல் ஒரே சுருளாக இறங்கியது.
கெட்டில் கொதிக்கும் முன்
மூன்று விதமாகச் சத்தமிடும் என்று கண்டுகொண்டாள்.
கறுப்பு ரொட்டி,
முப்பதாவது மெல்லலில்தான்
புளிப்பை விட்டு இறங்கிவருகிறது.
ஒரு செவ்வாய்க்கிழமை அழுகை வந்தது.
ஏன் என்று கேட்கக் குரலில்லை.
வந்த வழியே போய்விட்டது.

ரயில் நிலையத்தைக் கடக்கையில்
'மஞ்சள் கோட்டைத் தாண்ட வேண்டாம்' என்றது கூரை.
சட்டென்று ஓர் அடி பின்வாங்கினாள்.
தன் சொல்லுக்குத் தானே பணிந்த கூத்தை நினைத்து
தோள் மட்டும் குலுங்கச் சிரித்தாள்.

இருபத்தொன்று முடிந்தது. பேசலாம்.
பேசவில்லை.
இருபத்திரண்டு. இருபத்துநான்கு.
பயம் என்று சொல்ல முடியாது.
அவசரமில்லை, அவ்வளவுதான்.

இருபத்தாறாம் நாள் பேருந்து பிடித்து
பெய்ப்சி ஏரிக்குப் போனாள்.
அக்கரை தெரியாத பனிக்கட்டி. அதில் ஒரு துளை.
துளையருகே பெட்டி போட்டு உட்கார்ந்திருந்தவள்
வார நாளில் வரி அலுவலகத்தில் இருப்பவளாம்.
உர்வெ என்று பெயர் சொல்லிவிட்டு
வேறொன்றும் கேட்கவில்லை.
முக்கால் மணி நேரம் இருவரும்
ஒரே இருட்டுத் துளையைப் பார்த்தார்கள்.

தூண்டில் துடித்தது. ஒரு மீன்.
வாளியில் விழுந்து வாலால் அடித்தது.
இன்னொன்று.

'கலஃ' என்றாள் ஹெல்வெ.

தெற்கே, அவள் பிறந்த வோரு பக்கத்தில்,
கல என்றால் ஒரு மீன்.
ஒன்றுக்கு மேல் வந்தால்
சொல்லின் கடைசியில் தொண்டை ஒரு கணம் அடைத்துக்கொள்ளும்.
நம் எழுத்தில் எழுதச் சொன்னால்
ஃ போட்டுவிட்டு நானும் சற்று நிற்பேன்.
இருபது வயதில்
குரல் பயிற்சிக்கூடத்தில்
இரண்டு வருடம் தேய்த்துத் தேய்த்து
அந்த நிற்றலைத்தான் எடுத்தார்கள்.
ரயில் நிற்கும் இடத்தைச் சொல்பவள்
சொல்லில் நிற்கக் கூடாதாம்.

கரகரப்பாக வந்தது. துருப்பிடித்த கீல்போல.
முடிச்சு இருந்த இடத்தில்
வலிக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள்.
வலிக்கவில்லை.

உர்வெ திரும்பிப் பார்த்தாள்.
அறிமுகமான குரலைக் கேட்ட பார்வையில்லை அது.
யாரோ ஒருத்தி பேசினாள், அப்படிப் பார்த்தாள்.

மூன்றாவது மீன் வந்தது.
இரண்டுக்கும் மூன்றுக்கும் அதே சொல்தான்.
திரும்பச் சொல்லத் தேவையே இல்லை.
'கலஃ' என்றாள்.

அந்நேரம் தார்த்துவில்
இரண்டாம் நடைமேடையிலிருந்து ரயில்
அவள் சொன்னபடி, சொன்ன நிமிடத்தில்
கிளம்பியிருக்கும்.
கோட்டுப் பையில் போன் அதிர்ந்தது.
அவள் வாளியை
வெயில் பக்கமாகத் தள்ளி வைத்தாள்.