பனங்கற்கண்டு வழக்கு

பாளையங்கோட்டை செஷன்ஸ் கோர்ட்டில்
நான் துபாஷி.
துரைக்குத் தமிழ் வராது,
ஜூரி ஐந்து பேருக்கும் இங்கிலீஷ் வராது,
நடுவில் என் தொண்டை.
பங்குனித் தூசியில் அதுவும் கட்டியிருந்தது.

செய்துங்கநல்லூர்க் கிட்டங்கியில்
அமாவாசைக்கு மறுநாள் பூட்டு உடைந்தது.
பதினோரு ஓலைப்பெட்டி பனங்கற்கண்டு போயிற்று.
முகம் பார்த்தவர் யாருமில்லை.
கணக்கர் அணைஞ்சபெருமாள் மட்டும்
இருட்டில் ஓர் இருமலைக் கேட்டிருந்தார்.
உச்சிமாகாளியின் இருமல்.
மூணு வருஷம் எங்கிட்ட மூட்டை தூக்கினவன்,
எனக்குத் தெரியாதா என்றார்.

சர்க்கார் வக்கீல் ஒரு மணி நேரம் பேசினார்.
செக்‌ஷன், அதன் உட்பிரிவு,
கல்கத்தா தீர்ப்பு, லாகூர் தீர்ப்பு.
எல்லாவற்றையும் தமிழாக்கி ஜூரிக்கு முன்னால் வைத்தேன்.
வைத்தது வைத்த இடத்திலேயே இருந்தது.
ஏரல் தவச வியாபாரி மோதிரத்தைத் திருகினார்.
மேலப்பாளையத்து ராவுத்தர்
பங்காவின் ஆட்டத்தை எண்ணிக்கொண்டிருந்தார்.

பிறவிப்பெருமாள் பிள்ளை எழுந்தார்.
எழுந்தவர் பேசவில்லை.
கோட்டு நுனியில் ஒட்டிய சுண்ணாம்பைச் சுரண்டினார்.
அவர் என்ன சுரண்டுகிறார் என்று
ஐந்து பேரும் குனிந்து பார்த்தார்கள்.
அப்புறம் சாட்சியிடம்,
தோளில் கிடக்க துண்டால கண்ணைக் கட்டிக்கிடும் என்றார்.
துரை தலையாட்டினார்.
கணக்கர் கட்டிக்கொண்டார்.

காத்திருந்தோம்.
எதற்கு என்று யாருக்கும் தெரியாது.
பங்கா கயிறு கிறீச்சிட்டது.
வெளியே வேப்பமரத்தடியில்
யாரோ பதநீர் விலை பேசினார்கள்.
வக்கீல் ஒரு வார்த்தை சொல்லவில்லை,
அந்தச் சும்மாவை எப்படி மொழிபெயர்க்க?
ராவுத்தர் எண்ணுவதை விட்டுவிட்டார்.

அப்போது எனக்கு இருமல் வந்தது.
அடக்கினேன். அடங்கவில்லை.
மூன்று தரம், கடைசியில் இழுப்போடு.

"அவன்தான்" என்றார் கணக்கர் கட்டிய கண்ணோடு.
"அதே இருமல். அவனேதான்."

சாட்சி சொன்னதை துரைக்குச் சொல்வது என் உத்தியோகம்.
சொன்னேன்.
நான்தான் திருடன் என்பதை
பிழையில்லாத இங்கிலீஷில், முகத்தை அசைக்காமல்.
கூண்டில் உச்சிமாகாளி
மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

காலையில் கோர்ட்டுப் படியில் பிள்ளை கேட்டது
அப்போதுதான் உறைத்தது:
"என்னவே, இன்னும் இருமுதீரா?
பத்து மணிக்கு மேலதான் கூடுதலோ?"

மறுநாள் ஜூரிக்கு அவர் பேசியது கொஞ்சம்.
என்னை ஒதுக்கிவிட்டு நேராகத் தமிழில்,
அதுவும் வியாபாரியைப் பார்த்து மட்டும்:
"தராசுத் தட்டு ஆடும்போதே
நிறை சொல்லுவீகளா, அண்ணாச்சி?"
வியாபாரியின் கை
தன்னையறியாமல் எதையோ தூக்கிப் பிடித்து
நிலைக்கட்டும் என்று நின்றது.
அதை துரைக்கு நான் இங்கிலீஷில் சொன்னேன்.
சொன்னது சரிதான், ஆனால்
தட்டு ஆடவில்லை.

நான்கு பேர் குற்றமில்லை என்றார்கள்.
ஒருவர் மட்டும் குற்றவாளி என்றார்,
நாசரேத்து வாத்தியார்,
வலது காது மந்தம்;
இருமல் அவருக்குக் கேட்கவே இல்லை.
சாட்சியத்தை மட்டும் கேட்டிருந்தார்.

விடுதலையானவன் வேப்பமரத்தடிக்கு வந்தான்.
இரண்டு நாள் அடக்கியது போல
குனிந்து, தூரைப் பிடித்துக்கொண்டு இருமினான்.
மூன்று தரம். கடைசியில் இழுப்பு.
என் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன்,
நான்தான் இருமுகிறேனோ என்று.
கணக்கர் காது பொய் சொல்லவில்லை.
அதற்காக இவன் திருடினான் என்றும் இல்லை.
இதையெல்லாம் யாரும் என்னிடம் கேட்கவில்லை.
கேட்காததை நான் மொழிபெயர்ப்பதில்லை.

விளக்கு வைக்கும் நேரம்
பிள்ளையின் குமாஸ்தா வந்தார்.
"தொண்டைக்கு நல்லது, ஐயா கொடுத்தாக."
ஓலையில் பொதிந்த பனங்கற்கண்டு.
எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்க
வாயைத் திறந்தேன்.
திறந்த வாயில் ஒரு கட்டியைப் போட்டேன்.
கரைய வெகுநேரம் ஆயிற்று.