இடது எட்டு, வலது ஆறு

வாங்குகிறவர்களுக்கு அது ஒரே செருப்பு.
என் கணக்கில் முப்பத்தாறு.
ஐந்திலிருந்து பத்துவரை அளவு,
கறுப்பு, பழுப்பு, தேன் நிறம்,
குதிகால் வார் வைத்தது, வைக்காதது.
‘கறுப்பு இருக்கா?’ என்று போனில் கேட்டால்
சட்டென்று பதில் வராது எனக்கு.
கறுப்பு என்று எதுவுமில்லை இங்கே.
கறுப்பு ஏழு உண்டு, வாரோடு.
கறுப்பு எட்டு, வாரில்லாதது, நேற்றுத் தீர்ந்தது.

ஆம்பூர் பைபாஸ் ஓரம், தகரக் கூரையின் கீழ் குடோன்.
சித்திரையில் பசை இளகி
அட்டைப்பெட்டிகள் வாய் பிளக்கும்.
ரயில் கடக்கும்போதெல்லாம்
மேல்தட்டுப் பத்துகள் ஒரு நூல் முன்னே நகரும்.
தோல் வாசனை எனக்குத் தெரிவதில்லை இப்போது.
குடியாத்தம் பஸ்ஸில்
பக்கத்து சீட்டுக்காரி ஜன்னலைத் திறக்கையில்தான்
ஞாபகம் வரும்.

போன தீபாவளிக்கு
ஒரே ஒரு தேன் நிற ஒன்பதை
சேலத்தில் ஒருவர், நாகர்கோவிலில் ஒருவர்
ஒரே நிமிடத்தில் வாங்கிவிட்டார்கள்.
இருவரிடமும் மன்னிப்புக் கேட்டது நான்.
அதற்குப் பிறகுதான் இம்தியாஸ் பாய் அந்த வசதியைப் போட்டார்:
கூடையில் எடுத்து வைத்தால்
பதினைந்து நிமிடம் அது அவருடையது.
வேறு கண்ணுக்கு இருப்பு பூஜ்யம்.

ஆடி மாதம் திமிரியிலிருந்து ஒரு பெட்டி திரும்பி வந்தது.
நவமணி என்று பெயர்.
வாங்கியது இரண்டு ஜோடி: கறுப்பு ஆறு, கறுப்பு எட்டு.
அனுப்பியிருந்தது இடது எட்டும் வலது ஆறும்.
கோடு போட்ட தாளில் நாலு வரி:
‘என் கால் இரண்டும் ஒரே அளவு இல்லை.
எப்போதும் இரண்டு ஜோடி வாங்கி மிச்சத்தை எறிந்துவிடுவேன்.
இந்தத் தடவை எறிய மனசு வரவில்லை.
பணம் வேண்டாம்.’

ஆறில் அரை, எட்டில் அரை.
பள்ளிக்கூடக் கணக்கில் கூட்டினால் ஒன்று.
இருப்புக் கட்டம் அரையை ஏற்காது,
சிவப்பாகச் சிணுங்கும்.
‘சேதம்னு போட்டு முடிச்சிடு, ஜெசிந்தா,’ என்றார் பாய்.
எது சேதம்?
தையல் சரி. வார் சரி.
அடியில் திமிரி மண்கூட ஒட்டவில்லை.

அவர் தொழுகைக்குப் போன நேரத்தில்
முப்பத்தேழாவது வரியைத் திறந்தேன்.
‘கறுப்பு. வாரோடு. இடது 8, வலது 6.’
இருப்பு: 1.
தனித்தனியாய்ப் படம் எடுத்துப் போட்டேன்.
விலையில் பாதி. காரணம் கேட்ட கட்டத்தில்
‘சலுகை’ என்று மட்டும்.
வேண்டாம் என்றவருக்கு ஒரு ஜோடியின் பணம் போய்ச் சேர்ந்தது.

மாதக் கடைசியில் எண்ணும்போதெல்லாம்
சந்துரு கத்துவான்: ‘அக்கா, ஜோடி மாறிப்போச்சு!’
இரண்டு முறை பிரித்து
எட்டை எட்டோடும் ஆறை ஆறோடும் சேர்த்தே விட்டான்.
இரண்டு முறையும் தேடி எடுத்து வந்தேன்.
இப்போது வாரும் வாரும் சேர்த்து ரப்பர் பேண்ட்.
முப்பத்தாறும் விற்றன, வந்தன, விற்றன.
அது மட்டும்
ஒன்று, ஒன்று, ஒன்று.

நேற்று சாயங்காலம் நாலு பத்துக்குப் பூஜ்யம்.

யாரென்று தெரியாது, கூடைக்குப் பெயரில்லை.
எங்கோ ஒருவர்
நின்று தன் பாதங்களைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கலாம்.
ஏணி போட்டுப் பெட்டியை இறக்கினேன்.
துடைத்தேன். ரப்பர் பேண்டைக் கழற்றினேன்.
வெளியே மழை பிடித்திருந்தது,
கோமளா டேப்பை இழுக்கும் சத்தம் வேறு.
நாலு இருபத்தைந்துக்கு மறுபடி ஒன்று.

கரண்ட் போயிருக்கும்.
இல்லை, அளந்து பார்க்க ஸ்கேல் தேடுகிறாரோ என்னவோ.

பெட்டியை மேலே ஏற்றவில்லை.
என் மேசைக்குக் கீழே, கைக்கெட்டும் தூரத்தில்.
இடம் மாறினால் அதையும் பதிய வேண்டும்.
பதிந்துவிட்டேன்.