ஊதுங்க

ஸ்டான்லியில் சீட்டு எழுதுகிற பெண்
பெயர் கேட்டாள். மாசிலாமணி.
ஊர்? மணலி, டேங்குகளுக்குப் பின்னால்.
உதட்டைக் கடித்துக்கொண்டு எழுதினாள்.

உள்ளே ஒரு பிளாஸ்டிக் குழாய்.
"முழு பலத்தோட ஊதுங்க."
முப்பது வருஷம் ஊதினவன்மா நான்.
வியாசர்பாடியிலிருந்து எண்ணூர் வரைக்கும்
எந்த கிரவுண்டிலும், கூட்ஸ் வண்டி போனாலும்
என் விசில் கேட்கும்.
முள் நூற்றைம்பதில் நின்றது.
இன்னொரு தடவை என்றாள். நூற்று நாற்பது.

கடல்காற்று முன்பெல்லாம்
சாப்பாட்டு நேரத்துக்கு வந்து சட்டையைத் தூக்கும்.
இந்தச் சித்திரையில் நாலு மணிக்கும் காணோம்.
வந்த அன்றைக்கு கேஸ் வாடையோடு வந்தது.
ஜன்னலைச் சாத்தினோம்.
சாத்தினால் வீடு வேகிறது.
கார்த்திகை வெள்ளத்தில் ஊறிய சுவரில்
பூசணம் மட்டும் செழிப்பாக இருக்கிறது.

ராத்திரி ரெண்டு மணிக்கு கரண்ட் போய்
நெபுலைசர் பாதியில் நின்றது.
காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டே
விமலாவதி எனக்காகச் சத்தமாக எண்ணினாள்.
இழு, ரெண்டு, மூணு,
விடு.
எதிர்வீட்டில் யாரோ விளக்கு தேடினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பையன்கள் வந்து கூப்பிட்டார்கள்.
"ஓட வேணாம் சார், சும்மா நில்லுங்க."
கழுத்தில் ஒரே கயிற்றில் ரெண்டும் தொங்கின,
விசிலும் இன்ஹேலரும்.
இருபதாவது நிமிஷம் நெஞ்சு பூட்டிக்கொண்டது.
கைக்குக் கிடைத்ததை வாயில் வைத்து அழுத்தினேன்.
புஸ்.
வாய்க்குப் போன கையைப் பார்த்ததும்
ஆட்டம் நின்றுவிட்டது.
"ஃபவுலா சார்?"
கோல்கீப்பர் கத்தினான்.

ஆமாம் என்று கையைத் தூக்கினேன்.
யார் மேல் என்று சொல்ல
மூச்சு வரவில்லை.