நானூறு வீதம்

"சித்தப்பாவை மட்டும் எடுத்துவிடுங்கோ தம்பி,
காணி வழக்கு நடக்குது."
ஸ்காபறோவிலிருந்து குரல் பதிவு.

கொக்குவில் ஸ்ரூடியோவில் இரவு பதினொன்று.
இருநூறு வீதத்தில் வேட்டிக்கரை போனது.
நானூறில்
மீசை, சந்தனம், பல் தெரியாத அந்தச் சிரிப்பு.
வாழைமரத்தை இழுத்து
அவர் நின்ற இடத்தில் வளர்த்தேன்.

ஸ்பேஸ் பாரை அழுத்தினால்
அம்புக்குறி கையாகும்.
அந்தக் கையால் படத்தைப் பிடித்து
இடப்பக்கம் நகர்த்தினேன்.

பெண்ணின் தோளில்
ஐந்து விரல்,
ஒரு மோதிரம்.

அழிக்கப்போய் எண்ணூறுக்குப் போனேன்.
விரலுமில்லை, தோளுமில்லை.
வேலி போடாத சதுரங்கள்,
எல்லாம் ஒரே மாநிறம்.

முழுப்படத்துக்குத் திரும்பி,
அப்படியே சேமித்து,
அனுப்பிவிட்டேன்.

நீலச் சரி இரண்டு விழுந்தது.
விடியும்வரை
ஒரு பதிலும் இல்லை.