இரண்டு தடவை எழுதியது

ஒரு தடவை எழுதினால் போதும் என்றுதான்
நாங்களும் தொடங்கினோம்.
தரமணியில், ஆறாவது மாடியில்,
ஏசி ஒழுகுகிறதென்று வாளி வைத்த அறையில்.
ஒரே நிரல், ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும்.
ரங்கநாதன் தெரு நைட்டி போல ஃப்ரீ சைஸ்:
எல்லோருக்கும் நுழையும்,
யாருக்கும் தோளில் உட்காராது.
அப்போது இந்த உவமை தோன்றவில்லை.
மிச்சமாகும் பணம்தான் தோன்றியது.

காது கேட்கும் கருவிக்கு ஒரு செயலி.
திரையில் ஒரு கோடு.
விரலால் இழுத்தால் ஒலி கூடும், குறையும்.
அவ்வளவே வேலை.

சோதித்துப் பார்க்க வந்தவர் வேதநாயகம்.
அம்பத்தூர் எஸ்டேட்டில் பதினாறு வருடம்
பவர் பிரஸ் ஓட்டி
இரண்டு காதையும் தகரத்துக்குக் கொடுத்தவர்.
வயது நாற்பத்தொன்று.
இழுத்தார். காத்திருந்தார்.
மறுபடி இழுத்தார்.
"ஷிஃப்ட் முடிஞ்சு சைக்கிள் எடுக்கும்போது
சங்கு ஊதுது, மேடம்."

அளந்தோம்.
முந்நூற்றுப் பத்து மில்லி செகண்ட்.
கண்ணிமைக்கும் நேரம்தானே
என்றார் முதல் போட்டவர்.
கண்ணிமைக்கும் நேரத்தில்தான் சார்
ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரி வரும்
என்றாள் ஹசீனா.
அவள் கோபம் எப்போதும் ஆங்கிலத்தில் வரும்.
அன்று தமிழில் வந்தது.

தாமதம் எங்கே குடியிருக்கிறது என்று
இரவெல்லாம் தேடினேன்.
விரலுக்கும் கருவிக்கும் நடுவே
ஒரு துபாஷி உட்கார்ந்திருந்தான்.
இந்த ஊருக்கு துபாஷிகள் புதிதல்ல.
நாங்கள் சொன்னதைப் பெயர்த்து அங்கே சொல்வான்,
அங்கே சொன்னதைப் பெயர்த்து இங்கே சொல்வான்.
நேர்மையானவன். லஞ்சம் வாங்காதவன்.
ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும்
ஒரு மூச்சு இழுத்துக்கொள்கிறான்.

எதிர் ஃபிளாட் கனகதாரா
வடபழனியில் டப்பிங் பேசுகிறவள். சொன்னாள்:
உதடு மூடின பிறகும் ஒரு எழுத்து மிஞ்சும்,
அதை எங்கே ஒளிக்கிறேன் என்பதற்குத்தான்
எனக்குச் சம்பளம்.
எங்களுக்கு ஒளிக்க இடமில்லை.
அது வேதநாயகத்தின் காது.

பதினோரு மாத நிரலை
ஒரு வெள்ளிக்கிழமை மூடினோம்.
கோட்லினில் நான். ஸ்விஃப்டில் ஹசீனா.
தரமணியை விட்டு சைதாப்பேட்டைக்கு,
ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரு அறை.
கீழே மெஷின் ஓடினால் மேஜை நடுங்கும்.
திங்கட்கிழமை நான் செய்த தப்பை
வியாழக்கிழமை அவள் செய்தாள்,
வேறு இலக்கணத்தில்.
மாற்றம் ஒன்று என்றால் வேலை இரண்டு.
முதல் போட்டவர் பாதியை நிறுத்தினார்.

அவர் கணக்கில் தப்பில்லை.
மளிகைப் பட்டியலுக்கு, சினிமா டிக்கெட்டுக்கு,
ஒரு தடவை எழுதினால் போதும்தான்.
காப்பி ஆறும்வரை காத்திருக்கிற விரல்கள் அவை.
இதைக் கோபமில்லாமல்தான் எழுதுகிறேன்.
கொஞ்சம் கோபத்தோடு.

ஐப்பசி மழை. கிண்டியில் ஏறினோம்,
தாம்பரம் போகும் மின்சார ரயில்,
வேதநாயகம் ஜன்னல் ஓரம், நான் எதிரில்.
பரங்கிமலைக்கு முன்னால்
பக்கத்துத் தடத்தில் எக்ஸ்பிரஸ் அலறிக்கொண்டு வந்தது.
அவர் விரல் கோட்டைக் கீழே இழுத்தது.
விரல் இறங்கும்போதே
நெற்றி இறங்கியது.
நான் கடிகாரம் பார்க்க மறந்துபோனேன்.

வண்டி கடந்ததும் மெல்ல ஏற்றினார்,
இன்னும் கொஞ்சம்,
இன்னும் ஒரு துளி.
தலையைச் சாய்த்தார்.
"உங்க பையில சாவி குலுங்குது, மேடம்."

சைதாப்பேட்டை அறையின் சாவி.
எனக்குக் கேட்கவில்லை.
கேட்டதாகத் தலையாட்டினேன்.

நனைந்து திரும்பியபோது
ஹசீனா பிழைப் பட்டியலை நீட்டினாள்.
அவள் பக்கம் பதினொன்று.
என் பக்கம் பதினான்கு.