சாத்தினாள்

எண்ணூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
நாலு பாகத்துக்கும் சேர்த்துக் கடைசி வரி இது:
"வேழினி கதவைச் சாத்தினாள்."
அதற்குக் கீழே அச்சகத்தின் முகவரி.

விடிகாலை நாலு நாற்பது, கிருஷ்ணகிரி ரவுண்டானா.
கம்பெனி பஸ்ஸில் கால் வைக்கும்போதே
மாதேஷ் கேட்டான்: "உள்ளயா, வெளியயா?"
ராத்திரிதான் முடித்திருக்கிறான்,
கண் மிளகாய்ப்பழம்.

உள்ளே நின்று சாத்தியிருந்தால்
ஊரும் பிழைத்தது, அவளும் பிழைத்தாள்.
வெளியே என்றால்
ஊர் மட்டும்.
நிழற்படை அவளிடமிருந்து
நாற்பது அடி தூரத்தில் இருந்தது.

சுங்கச்சாவடி வரிசையில் நாகவேணி திரும்பினாள்.
பிளஸ் டூவில் தமிழில் தொண்ணூற்றெட்டு;
இப்போது பிரேக் டிரம்மில் கீறல் தேடுகிற வேலை.
கோபம் வந்தால் அவளுக்கு எழுத்துத் தமிழ் வரும்.
"சாத்திக்கொண்டாள் என்றால் உள்ளே.
சாத்திவிட்டுப் போனாள் என்றால் வெளியே.
இது என்ன, மொட்டையாய்ச் சாத்தினாள்?
துணைவினையைக் கையோடு எடுத்துப் போய்விட்டார்
எழுதியவர்."

ஷபானா பக்க எண்ணோடுதான் பேசுவாள்.
"இருநூத்திப் பதினொண்ணு.
தாழ்ப்பாள் உள்பக்கம்.
மூணு பேர் சேர்ந்தாத்தான் தூக்க முடியும்னு போட்டிருக்கு.
வெளிய நின்னுட்டு எப்படிப் போடுவா?"
"காவல்காரங்க மூணு பேர் உள்ளதானே இருந்தாங்க"
என்றேன்.
அப்புறம் யாரும் பேசவில்லை கொஞ்ச நேரம்.
அவளை வெளியே விட்டுத் தாழ் தூக்கிய
அந்த மூவருக்கு ஒரு வரிகூட இல்லை புத்தகத்தில்.
அன்றைக்குச் சாப்பிட்டிருப்பார்களா?

என் கட்சி ரொட்டி.
முந்தின நாள் யாளிக்குட்டிக்கு
முழு ரொட்டியையும் போட்டுவிட்டாள்.
திரும்பி வருகிறவள்
பாதியை மடியில் முடிந்துவைத்திருப்பாள்.
சிரித்தார்கள்.
"அவ மூணாம் பாகத்துலயே செத்துட்டா,
இது ஆவி" என்றான் மாதேஷ்.
போன நாவலுக்கும் இதையேதான் சொன்னான்.

குருபரப்பள்ளி தாண்டியது.
ஓட்டுநர் தீர்த்தகிரி அண்ணன்
ஒரு பக்கமும் படித்ததில்லை.
நாலு பாகத்தையும்
முதுகுப்புறமாய் எங்கள் வாயிலிருந்து கேட்டவர்.
கியரை மாற்றிக்கொண்டே கேட்டார்:
"அந்தக் கதவு எந்தப் பக்கம் தொறக்கும்?"

யாருக்கும் தெரியவில்லை.
அதன் ஆணிகள் தெரியும்,
மேலே செதுக்கிய ஒன்பது பறவை தெரியும்,
எந்தப் பறவைக்கு அலகு உடைந்தது என்றுகூடத் தெரியும்.

"தள்ளிச் சாத்துறவ
கடைசி வரைக்கும் அந்தப் பக்கத்தப் பாத்துகிட்டே சாத்துவா.
இழுத்துச் சாத்துறவ
போற வழியப் பாத்துகிட்டு
கைய மட்டும் பின்னால விடலாம்.
அதான் கேட்டேன்."

ஷபானா மொபைல் வெளிச்சத்தில்
பக்கங்களைப் புரட்டத் தொடங்கினாள்.
வெளியே சூளகிரி மலை
இருட்டுக்குள் இருட்டாக வந்து
போனது.
பேரண்டப்பள்ளி வரை தேடினாள்.
கதவு திறக்கிற காட்சி
நாலு பாகத்திலும் இல்லை.
எப்போது பார்த்தாலும்
முன்பே திறந்தே இருந்திருக்கிறது.

ஓசூர். அஞ்சு ஐம்பத்தெட்டு.
எங்கள் பஸ்ஸின் கதவுக்குக் கொக்கி போய்
ஆறு மாசம் ஆகிறது.
கடைசியாய் இறங்குகிறவர்
வெளியே நின்று உதைத்தால்தான் சேரும்.
இன்றைக்கு நான்.

மூன்று பேரும் ஷெட் வாசலில் நின்று
என் காலையே பார்த்தார்கள்.
கண்ணாடிக்குள்ளிருந்து தீர்த்தகிரி அண்ணனும்.
அவருக்கு இனி இரண்டு மணி வரை உறக்கம்.
எங்களுக்குச் சங்கு ஊதியாயிற்று.

உதைத்தேன். டம்.

"இப்ப என்ன எழுதுவ?
சாத்தினேன்னா, சாத்திக்கிட்டேன்னா?"
மாதேஷுக்கு ஆவியெல்லாம் மறந்துபோயிருந்தது.

"சாத்தித் தொலைச்சேன்னு எழுது"
என்று கையைப் பிடித்து இழுத்தாள் நாகவேணி.

பாதி தூரம் ஓடிய பிறகுதான் ஷபானா கத்தினாள்:
"ஐயோ, புக்கு உள்ள!"