மூச்சு விட்டுப் பார்த்தல்

கேடாவுக்கு மேலே, இலையற்ற பீச் மரங்களுக்கு அடியில்
பிப்ரவரி முழுக்கக் குனிந்தே நடக்கிறேன்.
"என்ன தொலைத்தாய், மோதிரமா?" என்கிறான் ஜும்பெர்.
இல்லை. கணக்கு.

இந்த ஊருக்கு எல்லாமே ஒரே பெயர்: வெண்பூ.
பனியைத் துளைத்துத் தலை குனிந்து வருவது எதுவோ அது.
அதுபோதும் ஆடுகளுக்கும், கல்யாணம் ஆகாதவர்களுக்கும்.
என் படிவத்துக்குப் போதாது.
அதில் மூன்று கட்டங்கள். ஒன்றில்தான் குறி போட வேண்டும்.

இலைகள் இரண்டும் கூப்பிய கைகளாய்
ஒட்டி எழுந்தால், ஒடுங்கி மங்கியிருந்தால்,
அது ரிஸே. எளிது. இருட்டிலும் விரல் சொல்லிவிடும்.
ஒரு இலை இன்னொன்றைக் கம்பளியில் பிள்ளையைப் போலச்
சுற்றிக்கொண்டு வந்தால், அகலமாய்ப் பச்சையாய் விரிந்தால்
அங்கேதான் தொடங்குகிறது தொல்லை.
வோரோனோவா, கிராஸ்னோவா?
இறந்துபோன இரண்டு பேராசிரியர்கள்
ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள்.

வித்தியாசம் உள்ளே இருக்கிறது.
வெளியிதழ் மூன்றும் காவல். உள்ளிதழ் மூன்று குட்டை.
அவற்றின் நுனியில் நகம் கிள்ளியதுபோல் ஒரு பிளவு,
அதைச் சுற்றிப் பச்சைக் கறை: வோரோனோவ்.
பிளவே இல்லாமல் கூராய் முடிந்தால் கிராஸ்னோவ்,
எண்ணிக்கையில் சொற்பம், தொடக்கூடாதது.

குளிரில் பூ வாய் திறக்காது.
மூடிய மொட்டுகளை வருஷம் இரண்டு
வெளியிலிருந்தே எண்ணினேன்.
வோரோனோவ், வோரோனோவ், வோரோனோவ்.
கையெழுத்து: ஸியாலா போல்க்வாட்ஸே.
அந்தக் கையெழுத்தை நம்பித்தான்
ஜூனில் ஜும்பெர் மண்வெட்டியோடு ஏறினான்,
அறுபது கிலோ கிழங்கு இறக்கினான்,
மகனுக்குப் பல் கட்டினான். அனுமதியோடுதான்.

மூன்றாம் வருஷம் பத்தொன்பதாம் தேதி
பனி கொஞ்சம் விட்டது. சோளரொட்டியைத் தின்றபடி
பாறையில் உட்கார்ந்திருந்தேன். முழங்கால் பக்கத்தில் ஒரு பூ.
பறிக்கவில்லை. வேறு வேலை இல்லாததால்
கையைக் குவித்து அதன்மேல் மூச்சு விட்டேன்.
ஒருமுறை. ஏழுமுறை. ரொட்டி வாசனையோடு.
மெல்ல, சோம்பலாக,
வெளியிதழ்கள் கை விரித்தன.

உள்ளே கூர்.

அடுத்ததுக்கு விட்டேன். கூர்.
ஓடைக்கு மறுபுறம் பிளவு, பிளவு, கூர்.
மாலைவரை மண்டியிட்டு ஊதினேன்.
தலை சுற்றியது. மேலங்கி நனைந்து கனத்தது.
"பூவுக்குச் சளி பிடித்துவிட்டதா?" என்றான் கீழே நின்று.
சிரிக்க முடியவில்லை. சொன்னேன்.
வெகுநேரம் மண்வெட்டியைப் பார்த்தான்,
அதுதான் பேச வேண்டும் என்பதுபோல.
"நீதானே ஆம் என்று எழுதினாய்?"
"நான்தான்."

திட்டியிருக்கலாம். திட்டவில்லை.
சிவப்பு நூலை என்னிடம் வாங்கி
கூரானவற்றின் பக்கத்துக் குச்சிகளில் கட்டினான்.
முடிச்சுகள் என்னுடையதைவிட இறுக்கம்.
மார்ச்சில் ஆடுகள் பாதி நூலைத் தின்றுவிட்டன.

இப்போது ஜூன். கொட்டகையில் பெட்டிகள்.
இலை காய்ந்துவிட்டது, பூ எப்போதோ போனது.
கிழங்குகள் பழுப்புத் தோலோடு,
சின்ன வெங்காயம்போல, ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லாமல்
குவிந்து கிடக்கின்றன.
மேற்பார்வையாளர் பேனாவை நீட்டுகிறார்.
எங்கோ ஹாலந்தில், பெயர் தெரியாத யார் வீட்டு ஜன்னலிலோ
தவறான சீட்டோடு ஒரு தொட்டி,
அதில் என் இரண்டு வருஷம்
ஒவ்வொரு ஜனவரியும் கூராய்ப் பூக்கிறது.

ஒரு கிழங்கை எடுத்து
வாயருகே கொண்டுபோகிறேன், பழக்கதோஷம்.
ஜும்பெர் மட்டும் பார்க்கிறான்.
மூன்றாவது பெட்டியைத் தன் காலால்
பெட்டி வரிசையை விட்டுத் தள்ளி வைக்கிறான்:
"இது ஓடைக்கு மறுபுறம் எடுத்தது.
எனக்குச் சரியாகத் தெரியவில்லை. எழுதாதே."